எண்ணெய் எஞ்சின் சூடேறுதல்: குளிர்நீர் ஓட்டத்தைச் சோதிக்கும் முறை

கிணற்று நீரைக் கொண்டு பயிர் செய்யும் நம் குடியானவர்களுக்கு எண்ணெய் எஞ்சின் புதிய பொருளன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு நீர் இறைக்கும் முறையை நடத்திக் காட்டினார். இப்பொழுது பெரும்பாலான கிணறுகளில் மின்சார மோட்டார் வந்துவிட்டது. எனினும் மின் இணைப்புக் கிட்டாத கிணறுகளிலும், ஆறு, ஏரி, வாய்க்கால் இவற்றின் ஓரங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் டீசல் எஞ்சினே பயிரைக் காக்கிறது.

எஞ்சினுக்கு நேரும் கோளாறுகள் பல. அவற்றுள் அடிக்கடி நேர்வதும், மிகுந்த செலவு வைப்பதும், ஆயினும் எளிதில் தவிர்க்கக்கூடியதுமான கோளாறு ஒன்றுண்டு. அஃது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுதலே. இதன் காரணத்தை எஞ்சினுக்குள் தேடுவோர் பலர். ஆனால் பெரும்பாலும் காரணம் எஞ்சினுக்கு வெளியே, அதைக் குளிர்விக்க வரும் நீரின் வழியிலேயே இருக்கும். அவ்வழியை முறைப்படி சோதிப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் கூறுவோம்.

ஒரு கைப்பிடிப் பாசியால் வரும் நஷ்டம்

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். பங்குனி மாதம், செங்கற்பட்டுப் பகுதியில் நவரை நெல் தொண்டைக் கதிராக நிற்கிறது. கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. நீருக்கு முறை வைத்து இரவும் பகலும் எஞ்சினை ஓட்டுகிறார்கள். ஓட்டுபவர் மடை திருப்புவதற்காகச் சற்றுத் தொலைவு போயிருக்கிறார். திரும்பி வருகையில் எஞ்சினிலிருந்து ஆவி எழும்புகிறது. எண்ணெய் கருகும் நாற்றம் வீசுகிறது. பதற்றத்தில் அவர் ஒரு குடம் குளிர்ந்த நீரைச் சிலிண்டர் தலையின் மேல் ஊற்றுகிறார். ஓர் ஓசை கேட்கிறது. தலை வெடித்துப் போகிறது.

புதிய தலை வாங்கிப் பூட்ட ஒரு வாரம் ஆகிறது. நெல்லுக்கு நீர் மிகவும் வேண்டிய வாரம் அது. கதிர் வெளிவந்தும் பால் பிடிக்காமல் பெரும்பகுதி பதராகிறது. பிறகு குழாய்களை அவிழ்த்துப் பார்க்கையில் அகப்பட்ட காரணம் யாதெனில், சிறு வடிகட்டியில் அடைத்துக்கொண்ட ஒரு கைப்பிடிப் பாசியும் ஒரு நத்தையுமே. ஐந்து நிமிஷத்தில் துடைத்தெறிந்திருக்கக் கூடிய பொருள் ஒரு போகத்து விளைவைக் கொண்டுபோயிற்று. இங்ஙனம் நேராதபடி காத்துக்கொள்வது எவர்க்கும் இயலும்.

எஞ்சினுக்கு நீர் ஏன் வேண்டும்?

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் எழும் வாயுவின் உஷ்ணம், ஒரு கணம், வார்ப்பிரும்பை உருக்கும் உஷ்ணத்தினும் மிகுதியாகும். எரிபொருளிலுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பம்பைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சிய பங்கைச் சிலிண்டரைச் சூழ்ந்துள்ள நீரறையில் ஓடும் நீர் வாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்நீர் நின்றுவிட்டால், சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையேயுள்ள மசகெண்ணெய் மெலிந்து கருகும். உலோகம் உலோகத்தோடு உராயும். பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு நீண்ட நேரம் வேண்டுவதில்லை. சில நிமிஷங்களே போதும்.

எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் கணக்கிட்டு அறியலாம். 5 குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் முழுச் சுமையுடன் ஓடும்போது, 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உட்புகும் நீர் 60 டிகிரியில் வெளியேற வேண்டுமாயின், மணிக்குச் சுமார் 110 லிட்டர், அதாவது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 2 லிட்டர் ஓடினால் போதும். 15 லிட்டர் கொள்ளும் குடமொன்றை வெளிக்குழாயின் கீழ் வைத்தால், ஏழெட்டு நிமிஷங்களில் அது நிரம்ப வேண்டும். எஞ்சின் நல்ல நிலையில் ஓடும் நாளிலேயே இவ்வாறு அளந்து, குடம் நிரம்பும் நேரத்தைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது நலம். பின்னர் ஐயம் எழும்போது அந்த அளவே ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வெளிநீரே எஞ்சினின் நாடி

வைத்தியர் நாடியைப் பிடித்து நோயை அறிவதுபோல், எஞ்சினின் நிலையை அதன் வெளிக்குழாயில் விழும் நீரைக் கொண்டு அறியலாம். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது அளவு. தாரை வழக்கம்போல் இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது சூடு. நீரில் விரலை வைத்தால் சில விநாடிகளுக்கு மேல் பொறுக்க இயலாதபடி இருப்பது ஏறத்தாழ 60 டிகிரி. அதுவே தகுந்த சூடு. தொடவே இயலாமல் ஆவி பறந்தால் அபாயம். ஆகையால் முதலில் நீரின் மேல் ஆவி எழுகிறதா என்று கண்ணால் பார்த்த பின்னரே விரலை வைக்கவேண்டும். மூன்றாவது தன்மை. குமிழி, துரு, வண்டல், எண்ணெய்ப் படலம் இவற்றுள் ஏதேனும் கலந்து வருகிறதா என்று நோக்கவேண்டும்.

சிலர் வெளிக்குழாயை வாய்க்கால் நீருக்குள் அமிழ்த்தியோ, மண்ணுக்குள் புதைத்தோ விடுகின்றனர். இது தவறு. நாடியைத் துணியால் மூடிவிட்டு நோயைத் தேடுவதை ஒக்கும். வெளிநீர் கண்ணுக்குத் தெரியும்படியும், தூரத்தில் நிற்பவர் காதுக்குக் கேட்கும்படியும் ஒரு தொட்டியிலோ கல்லின் மேலோ விழச் செய்க. மடையில் நிற்பவர்கூட ஓசை நின்றதை அறிந்து ஓடி வரலாம்.

குளிர்நீர் வரும் வழிகள்

நம் நாட்டுக் கிணறுகளில் குளிர்நீர் மூன்று வகையாக எஞ்சினை அடைகிறது.

1. பம்பின் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறு கிளைக்குழாய் பிரித்து, எஞ்சினின் நீரறைக்குள் விடுதல். இதுவே பெருவழக்கு. இதில் பாசன பம்பே குளிர்நீர்ப் பம்புமாகும். ஆகவே பம்பு நீரை இழந்தால் பயிர், எஞ்சின் ஆகிய இரண்டும் ஒருங்கே நீரை இழக்கும்.

2. பீப்பாயிலிருந்து தானே சுற்றி வரும் நீர். சூடான நீர் இலேசாகி மேல்குழாய் வழியே பீப்பாய்க்கு ஏறும். குளிர்ந்த நீர் கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குள் வரும். இதற்குப் பம்பு வேண்டுவதில்லை. ஆனால் பீப்பாயின் நீர்மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அறவே நின்றுபோகும். 200 லிட்டர் பீப்பாயொன்றில் உள்ள நீர், 5 குதிரைச் சக்தி எஞ்சின் முழுச் சுமையுடன் ஓடினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் 80 டிகிரியை எட்டிவிடும். அதற்குள் புதுநீர் சேர்க்கவேண்டும்.

3. எஞ்சினின் பெல்ட்டாலோ பற்சக்கரத்தாலோ ஓடும் தனிக் குளிர்நீர்ப் பம்பு. படகு எஞ்சின்களிலும், ரேடியேட்டர் உடைய எஞ்சின்களிலும் இம்முறை உண்டு.

தம்முடைய எஞ்சின் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உடையவரும் ஓட்டுபவரும் முதலில் அறிந்திருத்தல் அவசியம்.

சூடேறியதும் உடனே செய்யவேண்டியவை

வெளிநீர் வந்துகொண்டிருந்து, ஆனால் மிகவும் சூடாக இருந்தால், எஞ்சினை உடனே நிறுத்தாமல் வேகத்தையும் சுமையையும் குறைத்துச் சில நிமிஷங்கள் ஓடவிடுக. ஓடும் நீர் மெல்ல மெல்ல வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

வெளிநீர் முற்றிலும் நின்றுபோயிருந்தால் கணமும் தாமதிக்கலாகாது. டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்துக. பிறகு டிகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கி, கைப்பிடியால் சக்கரத்தை இடையிடையே சிறிது சுழற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கலாம்.

எக்காரணத்தாலும் சூடேறிய எஞ்சினின் மேலாவது உள்ளேயாவது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. வார்ப்பிரும்பு ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்து வெடித்துவிடும். நீரறையின் மூடியையும் அப்பொழுது திறக்கலாகாது. கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தையும் கண்களையும் வேகவைத்துவிடும். எஞ்சினின் உடலைக் கையால் தொட்டுப் பொறுக்கக்கூடிய நிலை வரும்வரை, அரை மணியோ ஒரு மணியோ காத்திருப்பதே அறிவுடைமை. அந்த ஒரு மணி நேரம் வீணாவதாகக் கருத வேண்டாம். அப்பொழுதுதான் நீர் வந்த வழியைச் சோதிக்க அவகாசம் கிடைக்கிறது.

நீர் வரும் வழியே சோதித்தல்

காரணத்தைத் தேடும்போது கண்ட இடத்தையெல்லாம் அவிழ்க்கலாகாது. நீர் புறப்படும் இடத்தில் தொடங்கி, வெளியேறும் இடம் வரையில் வரிசையாகச் செல்லவேண்டும்.

முதற்படி: கிணறு. நீர்மட்டம் இறங்கி, புட்வால்வு வெளியே தெரிகிறதா? வால்வு நீருக்குள் இரண்டடிக்குக் குறையாமல் அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் நீர் சுழித்துக் காற்றையும் கூட இழுக்கும். வால்வின் வலையில் இலை, சருகு, பாசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க. பம்புக்கும் நீர்மட்டத்திற்கும் உள்ள உயரத்தையும் அளந்தறிக. எத்தகைய பம்பும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டே நீரை உறிஞ்சுகிறது. கொள்கையளவில் 10 மீட்டருக்கு மேல் அது உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 6 மீட்டருக்கு மேற்பட்டால் ஓட்டம் குறையத் தொடங்கும். கோடையில் நீர் இறங்கிய கிணற்றில் எஞ்சின் சூடேறினால், பம்பையே கீழே இறக்கி வைக்கவேண்டி இருக்கலாம்.

இரண்டாம் படி: உறிஞ்சுகுழாயும் பம்பும். குழாயின் இணைப்புகளிலும், பம்பின் தண்டு நுழையும் கிளாண்டிலும் காற்று புகுந்தால் டெலிவரி நீர் வெளுத்துக் குமிழியுடன் வரும். ஐயமுள்ள இணைப்பின் மேல் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்க்க. ஓட்டம் சீர்பட்டால் காற்று புகும் இடம் அதுவே. கிளாண்டின் பாக்கிங் கயிறு தேய்ந்திருந்தால் புதுப்பிக்க. ஆனால் அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கலாகாது. இடையிடையே ஒரு சொட்டு நீர் கசிவதே தண்டுக்கு நல்லது. பம்பு நீரை இழக்கும்போது எஞ்சினின் சுமை குறைந்து, அதன் ஓசை திடீரென இலேசாவதைப் பழகிய காது உணரும்.

மூன்றாம் படி: கிளைக்குழாயும் வடிகட்டியும். முன்னர்க் கூறிய பாசியும் நத்தையும் தங்குமிடம் இதுவே. வடிகட்டி இருந்தால் கழற்றிக் கழுவுக. வடிகட்டி இல்லாத குழாய்க்கு ஒன்று வைத்துக்கொள்க. அடைப்பு நீரறைக்குள் நேர்வதைவிட, கைக்கெட்டும் வடிகட்டியில் நேர்வதே மேல்.

நான்காம் படி: கிளைக்குழாயின் வால்வு. வேலை முடிந்ததும் அதை மூடிவிட்டு, மறுநாள் திறக்க மறந்துவிடுதல் சாதாரணம். ரப்பர் குழாயாயின் மடிந்தோ, உட்புறம் உரிந்தோ வழியை அடைத்திருக்கலாம். வெளிப்பார்வைக்கு அது தெரியாது.

ஐந்தாம் படி: நீரறை. இதைப்பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

ஆறாம் படி: வெளிக்குழாய். பல வாரங்கள் ஓடாமல் கிடந்த எஞ்சினின் வெளிக்குழாயில் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்த பின்னரே அப்படிப்பட்ட எஞ்சினை ஓட்டுக.

இவ்வரிசையை விரைவாக முடிக்க ஓர் உபாயமுண்டு. கிளைக்குழாய் நீரறைக்குள் நுழையும் இணைப்பை அவிழ்த்து, ஆறிய எஞ்சினை அரை நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்க்க. அங்கே நீர் வேகமாக விழுந்தால் கோளாறு நீரறையிலோ வெளிக்குழாயிலோ உளது. அங்கேயே நீர் மெலிந்திருந்தால் கோளாறு கிணற்றுக்கும் அவ்விணைப்புக்கும் இடையே உளது. ஒரே சோதனையில் பாதி வழி கழிந்துவிடும். அரை நிமிஷத்திற்கு மேல் ஓட்டலாகாது. நீரறை அப்பொழுது நீரின்றி இருக்கிறது என்பதை மறவற்க.

தனிக் குளிர்நீர்ப் பம்பின் கோளாறுகள்

தனிப் பம்புள்ள எஞ்சினில், குழாய்கள் சுத்தமாக இருந்தும் நீர் வராவிடில் பம்பையே சோதிக்கவேண்டும்.

பெல்ட்டு தளர்ந்து வழுக்குகிறதா என்று முதலில் பார்க்க. பெல்ட்டு சரியாகச் சுழன்றும் நீர் வராவிடில், தண்டையும் இம்பெல்லரையும் பிணைக்கும் சாவி முறிந்து, தண்டு மட்டும் சுழல்கின்றதோ என்று ஐயுறுக. வெளியே யாவும் சுழல்வதாகத் தோன்றும். உள்ளே இம்பெல்லர் நின்றபடியே இருக்கும்.

ரப்பர் இதழ்களையுடைய இம்பெல்லராயின் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க. நீரின்றி ஓடினால் அவ்விதழ்கள் உராய்வினால் மிக விரைவில் கருகிக் கிழியும். ஆகவே நீர்வழி திறந்திருப்பதை உறுதி செய்யாமல் எஞ்சினைச் சுழற்றலாகாது. இரண்டாவதாக, கிழிந்த இம்பெல்லரை மாற்றும்போது பழைய இதழ்களை எண்ணிப் பார்க்க. ஆறு இதழில் நான்கே அகப்பட்டால், மற்ற இரண்டும் மேற்சென்று குழாயின் முழங்கையிலோ நீரறையின் வாயிலோ அடைத்துக்கொண்டுள்ளன. அவற்றை எடுக்காமல் புதிய இம்பெல்லரைப் பூட்டினால் எஞ்சின் மீண்டும் சூடேறும். உடையவர் புதிய உறுப்பின் மேல் பழி சுமத்துவார்.

பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து நீர் சொட்டினால், உள்ளேயுள்ள தடுப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்பதற்கு அஃது அறிகுறி. அத்துளையை மெழுகாலோ ஆணியாலோ அடைப்பவர் உளர். அங்ஙனம் செய்தால் நீர் பேரிங்கினுள்ளோ எண்ணெயினுள்ளோ புகுந்து பெருநஷ்டம் விளையும். துளையை விட்டுவிட்டு வளையத்தை மாற்றுக.

உப்புப் படிவு

வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியும் பொருக்கைப் பெண்மணிகள் நன்கறிவர். கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் சூடேறும்போது பிரிந்து படிவதே அது. அதே படிவு நீரறையின் உட்புறத்திலும் படிகிறது. வெப்பத்தை அது எளிதில் கடத்தாது. ஆகையால் நீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் சிலிண்டரின் வெப்பம் நீரை எட்டாது. வெளிநீர் சூடாகத் தோன்றாது. ஆனால் எஞ்சின் உள்ளே வேகும். வெளிநீர் நாடி நம்மை ஏமாற்றும் இடம் இது ஒன்றே. வெளிநீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்க, எஞ்சின் வலுக்குறைந்து, எண்ணெய் நாற்றம் வீசினால் படிவை ஐயுறுக.

உவர்க் கிணறுகளிலும் சுண்ணாம்பு மிகுந்த கிணறுகளிலும் ஆண்டுக்கொருமுறை நீரறையின் சோதனை மூடியைத் திறந்து, வண்டலையும் தளர்ந்த படிவையும் சுரண்டி எடுத்துக் கழுவவேண்டும். கெட்டியாக ஒட்டிய படிவை அமிலங்கொண்டு கரைப்பதுண்டு. ஆனால் அமிலம் உலோகத்தையும் அரிக்கும். அலுமினிய உறுப்புகளை விரைவில் கெடுக்கும். கைக்கும் கண்ணுக்கும் தீங்கு செய்யும். பழகிய மெக்கானிக்கைக் கொண்டன்றித் தாமே அதைச் செய்ய முற்படலாகாது. உவர்நீர் உள்ள இடங்களில், மழைநீரையோ நல்ல ஏரி நீரையோ பீப்பாயில் நிரப்பிச் சுற்றோட்ட முறையைக் கைக்கொள்வது மிக்க நன்மை தரும்.

எஞ்சின் மிகவும் குளிர்ந்திருத்தலும் கேடே

எஞ்சின் சூடேறுமோ என்னும் அச்சத்தால் பலர் கிளைக்குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வெளிநீர் கிணற்று நீர்போலவே குளிர்ந்து விழுவதைக் கண்டு மகிழ்கின்றனர். இதுவும் நஷ்டமே. சிலிண்டர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுதும் எரிவதில்லை. எரியாத பகுதி புகையாகவும் கரியாகவும் போகும். எரிந்த வாயுவிலுள்ள நீராவி சிலிண்டர்ச் சுவரில் நீராகி, டீசலிலுள்ள கந்தகத்துடன் கூடி அமிலமாகி இரும்பை அரிக்கும். பணம் புகையாகப் போவதோடு எஞ்சினின் ஆயுளும் குறையும். கிளைக்குழாயின் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, வெளிநீர் முன்கூறிய 60 டிகிரி அளவில் நிற்கும்படி செய்து, அவ்விடத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்க. மிகுதி நீர் பயிருக்கே போகட்டும்.

படகு வைத்திருப்போர்க்கு

கரையோரக் கிராமங்களில் நிலத்தோடு படகும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 1953ல் கேரளத்து நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டத்தின் பின்னர், சிறு டீசல் எஞ்சின் பொருத்திய மீன்பிடிப் படகுகள் நம் கரைகளில் பெருகின. அவற்றில் கடல்நீரே குளிர்நீர். இதுகாறும் கூறிய வரிசை படகுக்கும் பொருந்தும்: கிணற்றுக்குப் பதில் படகின் அடியிலுள்ள நீர்வாயில், புட்வால்வுக்குப் பதில் அவ்வாயிலின் வடிகட்டி, அதன்பின் பம்பு, நீரறை, வெளிக்குழாய். கடற்பாசியும், கிழிந்த வலைத்துண்டும், பிளாஸ்டிக் தாளும் அங்கே அடைப்பன. படகின் பக்கவாட்டில் விழும் வெளிநீரைச் சுக்கான் பிடிப்பவர் அடிக்கடி எட்டிப் பார்ப்பது கடமையாகும். கரையில் எஞ்சின் நின்றால் பயிர் வாடும். கடலில் நின்றாலோ உயிருக்கே ஆபத்து.

கடல்நீர் 55 டிகிரிக்கு மேல் சூடேறினால் உப்பு விரைந்து படியும். ஆதலால் நேரே கடல்நீரில் குளிரும் எஞ்சினில் வெளிநீர் அதனினும் குறைந்த சூட்டிலேயே இருக்கவேண்டும்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. அந்நாட்களில் பம்பினுள் மடிந்தபடி கிடக்கும் ரப்பர் இதழ்கள் அம்மடிப்பிலேயே உறைந்து, மீண்டும் ஓட்டும்போது நீரைத் தள்ளாமலோ முறிந்தோ போகலாம். ஆகவே படகைக் கரையேற்றியதும் நல்ல நீரால் குளிர்நீர் வழியைக் கழுவி, இம்பெல்லரைக் கழற்றி நிழலில் வைக்க. மீண்டும் பூட்டும்போது மாற்று இம்பெல்லர் ஒன்றைப் படகிலேயே வைத்துக்கொள்க.

குறியும் காரணமும்

எளிதில் நினைவில் இருத்துவதற்காக, மேற்கூறியவற்றையும் இன்னும் சிலவற்றையும் தொகுத்துத் தருகிறோம்.

வெளிநீர் முற்றிலும் நின்றது: பம்பு நீரை இழந்தது, வால்வு மூடியுளது, சாவி முறிந்தது, வெளிக்குழாய் அடைத்தது.

வெளிநீர் மெலிந்து மிகச் சூடாக வருகிறது: வடிகட்டியில் அடைப்பு, பெல்ட்டு வழுக்குதல், இம்பெல்லர் தேய்தல், ரப்பர் குழாய் மடிதல்.

வெளிநீர் விட்டுவிட்டுக் குமிழியுடன் வருகிறது, டெலிவரி நீரும் அவ்வாறே: உறிஞ்சுகுழாயிலோ கிளாண்டிலோ காற்று.

டெலிவரி நீர் தெளிவாக இருக்க, வெளிநீரில் மட்டும் குமிழி: சிலிண்டர் தலையின் காஸ்கெட்டு கெட்டு, வாயு நீரறைக்குள் புகுகிறது. மெக்கானிக்கை அழைக்க.

எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்தது: எண்ணெயில் நீர் கலந்தது. எஞ்சினை ஓட்டவே கூடாது.

வெளிநீர் அளவிலும் தன்மையிலும் சரியாக இருந்தும் எஞ்சின் சூடேறுகிறது: நீரறையில் படிவு, அன்றி அளவுக்கு மிஞ்சிய சுமை, எண்ணெய்க் குறைவு, புகைக்குழாயில் கரி, டீசல் பீச்சும் நேரம் பிசகுதல் இவற்றுள் ஒன்று.

முடிவுரை

எஞ்சினை ஓட்டுபவர் நாள்தோறும் செய்யவேண்டியவை மூன்றே: ஓட்டுமுன் எண்ணெயைப் பார்த்தல், ஓட்டியவுடன் வெளிநீர் விழுவதைக் கண்டபின்னரே அவ்விடம் விட்டு அகலுதல், அரைமணிக்கொருமுறை அந்நீரில் விரல் வைத்துப் பார்த்தல். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுதல், ஆண்டுக்கொருமுறை நீரறையைத் திறந்து பார்த்தல் ஆகிய இரண்டும் உடையவரின் பொறுப்பு. கோடை தொடங்குமுன், மாசி மாதத்திலேயே இவற்றை முடித்துவிடுதல் நன்று. பங்குனியில் பயிர் நமக்காகக் காத்திருக்காது.

கிராம நிர்வாக அலுவலர்களும் வேளாண்மை உதவி அலுவலர்களும் பயிராய்வுக்காக வயல்களுக்குச் செல்லுங்கால், எஞ்சின் வைத்திருப்போரைக் கண்டு, 'உங்கள் எஞ்சினின் வெளிநீர் எங்கே விழுகிறது?' என்று ஒரு கேள்வி கேட்பார்களாயின் பெரிதும் பயன் விளையும். 'தெரியவில்லை ஐயா' என்று விடை வந்தால், அந்தக் கிணற்றடியில் சற்று நின்று இக்கட்டுரையின் செய்தியை எடுத்துரைக்கலாம். பெரிய பழுதுகளுக்கும் புதிய பம்பு அமைப்பதற்கும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

எஞ்சின் பேசாத வேலையாள். தனக்கு உற்ற குறையை வெளிக்குழாயின் வழியே மட்டும் அது தெரிவிக்கிறது. அதைக் கவனிக்கும் குடியானவர் பிஸ்டனையும் காப்பார், கதிரையும் காப்பார்.